முதல் வயலின்: வாங்குதலும் திருத்துதலும்



ஆசையோடு வயலின் கற்கத் தொடங்கி, மூன்று மாதம் நிறைவதற்குள் அதனைப் பெட்டியிலிட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்ட பிள்ளைகள் நம் ஊர்களில் பலர் உளர். “இவனுக்குச் சங்கீதம் வராது” என்று வீட்டார் ஒரே சொல்லில் வழக்கை முடித்துவிடுவர். ஆனால் அந்த வயலினை வெளியே எடுத்து உற்று நோக்கினால், குற்றம் பிள்ளையிடத்தில் இல்லாமல், நான்கு கம்பிகளையும் தாங்கி நிற்கும் ‘குதிரை’ என்னும் சிறு மரத்துண்டில் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டில் பயின்ற மாணவி ஒருத்தியின் செய்தியைச் சொல்கிறேன். அவளுடைய தந்தையார் முன்பு பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் குலை வெட்டும் வேலைக்குச் சென்றவர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மகளுக்கு வயலின் வாங்கிக் கொடுத்தார். அவளோ ஒவ்வொரு வாரமும் விரல் நுனி சிவந்து, கண் கலங்கி நிற்பாள். சோம்பல் என்றே நானும் முதலில் எண்ணினேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். ஒருநாள் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, விரல் பலகையின் முடிவில் கம்பிக்கும் பலகைக்கும் இடையே ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. இருக்க வேண்டியது அதில் பாதியே. ஈப்போவில் இசைக்கருவி பழுது பார்க்கும் ஒருவர் அரைமணி நேரத்தில் குதிரையைச் செதுக்கித் தாழ்த்திக் கொடுத்தார். அடுத்த வாரமே அவள் சரளி வரிசையை அழாமல் வாசித்தாள்.

மலிவான வயலின் இப்படி ஏன் வருகிறது? இன்று உலகில் விற்பனையாகும் தொடக்கநிலை வயலின்களுள் பெரும்பகுதி சீனாவில் செய்யப்படுகிறது. ஜியாங்சு மாநிலத்தில் தைசிங் நகரைச் சார்ந்த ஹுவாங்சியாவ் என்னும் ஊர் இத்தொழிலுக்கே பெயர் பெற்றது. அங்கு மரம் அறுப்பதிலும் ஒட்டுவதிலும் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. ஆனால் குதிரையின் கால்களை வயலினின் வளைவுக்கு ஏற்ப இழைப்பதும், பிருடைகளைத் துளைக்குப் பொருத்துவதும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே கையால் செய்ய வேண்டிய வேலைகள். நேரம் பிடிக்கும் வேலைக்குக் கூலியும் மிகுதி. ஆதலின் விலையைக் குறைக்கும் பொருட்டு அவை அரைகுறையாக விடப்படுகின்றன. மலிவான வயலின் பெரும்பாலும் கெட்ட வயலின் அன்று, முடிக்கப்படாத வயலின். அதனை முடித்துக்கொள்ளும் பொறுப்பு வாங்குவோர்மேல் விழுகிறது.

2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர்க்கு 400 வெள்ளி வயலின் என்பது ஏறக்குறைய ஒரு வார உழைப்பு. கையில் உள்ள பணம் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாமல், நான்கில் ஒரு பங்கையாவது அதனைத் திருத்துவதற்கென ஒதுக்கி வைப்பதே என் கருத்தில் சிறந்தது. 400 வெள்ளிக்கு வாங்கித் திருத்தாமல் விட்ட வயலினைவிட, 300 வெள்ளிக்கு வாங்கி 100 வெள்ளிக்குத் திருத்திய வயலின் நன்கு ஒலிக்கும்.

வந்த கருவியை நமக்கேற்ப ஆக்கிக்கொள்ளுதல் நமக்குப் புதிதன்று. வயலின் நம் நாட்டுக் கருவி அன்று. ஐரோப்பியர் வழியாகச் சென்னைக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதனை ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று, கர்நாடக இசைக்குப் பயன்படுத்தினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதில் வல்லவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நம்மவர் மரத்தையோ வடிவத்தையோ மாற்றவில்லை. கம்பிகளை ச, ப, ச, ப என்று சேர்த்தனர். தரையில் அமர்ந்து, கருவியின் சுருள்தலையை வலது கணுக்காலின்மேல் ஊன்றினர். இவ்விரண்டு மாற்றங்களால், இடக்கை கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டுக் கமகங்களில் தடையின்றி ஓடலாயிற்று.

இனிக் கடைக்குச் செல்வோம். முதலில் அளவு. வயலின்கள் கால், அரை, முக்கால், முழு என்னும் அளவுகளிலும் அவற்றினும் சிறியனவாகவும் கிடைக்கின்றன. முழு வயலினின் உடற்பகுதி ஏறக்குறைய 35.5 சென்டிமீட்டர் நீளமுடையது. “வளர்ந்தபின்னும் பயன்படுமே” என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு முழு வயலின் வாங்குவது, அண்ணனின் காலணியைத் தம்பிக்கு மாட்டி ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். வயலினைத் தோளில் வைத்துக் கையை நீட்டினால், சுருள்தலை உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். முழங்கை சற்றே மடங்கவும் வேண்டும்.

அடுத்து மரம். மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு மரத்தால் ஆனதாக இருத்தல் நலம். ஆங்கில எஃப் எழுத்தின் வடிவில் உள்ள இரு துளைகளின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். பலகையின் ரேகை மேலிருந்து கீழ்வரை தொடர்ந்து சென்றால் அது ஒரே மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை நம் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் குரல் அடைத்தது போலிருக்கும். கருங்காலி என்று சொல்லி விற்கப்படும் விரல் பலகை சிலவற்றில் வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பர். வியர்வை பட்டுச் சில மாதங்களில் வெளுக்கும். தொடக்கநிலையில் அது பெருங்குறை அன்று. ஆனால் கருங்காலிக்குரிய விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம். விரலின் மொளியால் கருவியின் விளிம்பு முழுவதும் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சடசடத்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்கு வந்தபின் முதலிற் கவனிக்க வேண்டியது மேற்சொன்ன குதிரை. அது ஒட்டப்படுவதில்லை, கம்பிகளின் அழுத்தத்தாலேயே நிற்கிறது. எஃப் துளைகளின் உட்புறம் உள்ள சிறு வெட்டுகளுக்கு நேராக அது நிற்க வேண்டும். விரல் பலகையின் முடிவில் மெல்லிய முதற்கம்பிக்குக் கீழே ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டரும், தடித்த நான்காம் கம்பிக்குக் கீழே 5.5 மில்லிமீட்டரும் இடைவெளி இருத்தல் பொது வழக்கு. மறுமுனையில், பிருடைகளுக்கு அருகிலுள்ள சிறு மேட்டில், கம்பிக்குக் கீழே ஓர் அட்டை நுழையும் அளவே போதும். இவ்விரு உயரங்களையும் சரிசெய்யும் வேலையை நீங்களே கத்தி எடுத்துச் செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. சுருதி கூட்டும் ஒவ்வொரு முறையும் கம்பிகள் குதிரையின் தலையை விரல் பலகைப் பக்கமாகச் சிறிது சிறிதாக இழுக்கும். வாரம் ஒருமுறை பக்கவாட்டில் பார்த்து, சாய்ந்திருந்தால் இரு கைவிரல்களாலும் மெல்ல நிமிர்த்துங்கள். கவனியாது விட்டால் குதிரை வளைந்துபோகும். அல்லது ஒருநாள் படாரென்று விழும்.

பிருடை வழுக்கினால் அதன்மேல் சிறிது சுண்ணக்கட்டியைத் தேய்க்கவும். இறுகித் திரும்ப மறுத்தால் பென்சில் கரியைத் தேய்க்கவும். இரண்டும் வகுப்பறையிலேயே கிடைக்கும் மருந்துகள். கம்பி படியும் பள்ளங்களிலும் பென்சில் கரி தடவினால் கம்பி எளிதில் நகரும், அறுவதும் குறையும். கருவியோடு வரும் கம்பிகள் பெரும்பாலும் கரகரப்பானவை. பணம் கிடைக்கும்போது முதலில் மாற்ற வேண்டியவை அவையே. நம் முறையில் சுருதி பெரும்பாலும் மேனாட்டு முறையினும் தாழ்ந்திருப்பதால், எந்தக் கம்பி தளராமல் நிற்கும் என்பதை ஆசிரியரிடம் கேட்டு வாங்குக.

வில்லைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். புதிய வில்லை எடுத்து இழுத்தால் ஓசையே எழாது. கருவி பழுது என்று கடைக்குத் திரும்பி ஓடியவர்களும் உண்டு. வில்லில் உள்ளது குதிரை வால் மயிர். அதற்கு ரோசின் பூசினால்தான் அது கம்பியைப் பற்றும். சாம்பிராணிக் கட்டியைத் தேய்த்தால் ஆகாதா என்று ஒரு தாயார் என்னைக் கேட்டார். ஆகாது, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இரண்டுமே மரத்தைக் கீறி எடுக்கும் பிசின்கள்தாம்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு ரோசினின் கதை எளிதில் விளங்கும். கடலுக்கு அப்பால் சுமத்திராவிலும், இந்தியாவில் இமயமலைச் சாரலிலும் ஊசியிலை மரமாகிய பைன் வளர்கிறது. தொழிலாளர் அதன் பட்டையைக் கீறி, கீழே கிண்ணம் கட்டிவிடுவர். நம்மவர் மங்கில் பால் பிடித்தது போலவே அவர்கள் பிசினைப் பிடிப்பர். அதனைக் காய்ச்சினால் டர்பன்டைன் எண்ணெய் ஆவியாகிப் பிரியும். எஞ்சி நிற்கும் பொன்னிறக் கட்டியே ரோசின். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து பேராக்கில் ரப்பரின் கதை தொடங்கியது. அதன் பாலை வடித்த கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று மற்றொரு மரத்தின் பிசினை வில்லில் தேய்க்கிறார்கள்.

ரோசின் செய்வது யாது? பிசின் ஏறிய மயிர் கம்பியைப் பற்றி ஒரு பக்கமாக இழுக்கிறது. இழுவிசை மிகுந்ததும் கம்பி நழுவித் திரும்புகிறது. உடனே மயிர் மீண்டும் பற்றுகிறது. மேனாட்டுச் சுருதியில் இரண்டாம் கம்பி இவ்வாறு நொடிக்கு 440 முறை பற்றி நழுவுகிறது. நாம் கேட்கும் நாதம் இதுவே. மயிரில் எண்ணெய்ப் பசை பட்டால் பிடிப்புப் போய்விடும். நம் வித்துவான்கள் இடக்கை விரல்கள் வழுக்கிச் செல்லும் பொருட்டு ஒரு துளி எண்ணெய் தொட்டுக்கொள்வதுண்டு. அந்த விரல் வில்லின் மயிரைத் தீண்டலாகாது. புதிய ரோசின் கட்டி கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தால், மணல்தாளால் மேற்பரப்பைச் சிறிது உரசிய பின்னரே பயன்படுத்துக. வில்லை முறுக்கும்போது தண்டின் நடுப்பகுதிக்கும் மயிருக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் அளவு போதும். வாசித்து முடிந்ததும் தளர்த்திவிடுக.

நம் ஊரின் ஈரக்காற்றும் வெயிலும் இக்கருவிக்குப் பகை. வயலினின் பலகைகள் விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசையால் ஒட்டப்படுவது மரபு. மரம் பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அதன் நுட்பம். ஆகவே ஒட்டு விட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நொடியில் ஒட்டும் கடைப்பசையை ஊற்றிவிட்டால் பிறகு எவராலும் முறையாகத் திருத்த முடியாது. வெயிலில் நிறுத்திய காரில் வயலினை விட்டுச் செல்வது கூடவே கூடாது.

வயலினின் மூத்த உறவாகிய செல்லோவைக் கற்க விரும்பும் பிள்ளைகளும் இப்போது கேட்கிறார்கள். கோலாலம்பூரில் 1998ஆம் ஆண்டு முதல் இசைத்து வரும் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் அதனை நேரிற் காணலாம். அதன் உடற்பகுதி மட்டும் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். விலையும் வயலினைப்போல் பலமடங்கு. நாற்காலியில் அமர்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிப்பர். மோட்டார்ச் சைக்கிளில் அதனை ஏற்றிச் செல்ல இயலாது என்பதையும் வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்! அதற்கும் கால், அரை அளவுகள் உண்டு. ஆதலின் முதலில் வாடகைக்கோ பழைய கருவியாகவோ பெறுதல் நலம். குதிரை, பிருடை, கம்பி பற்றி மேலே சொன்னவை யாவும் அதற்கும் பொருந்தும். ஆனால் அதன் கம்பிகள் தடித்தவை. குதிரை உயர்ந்திருந்தால் சிறுவிரல் படும்பாடு வயலினைவிடப் பெரிது. பிருடைகளைத் திருப்பப் பிள்ளைகளின் கைவலி போதாது. ஆகவே கம்பிகளின் கீழ்முனையில் நுண்திருகுகள் பொருத்திக்கொள்க. தரையில் ஊன்றும் இரும்புக் கோல் வழுக்காமலிருக்க அதன் நுனிக்கு ஒரு தொப்பி மாட்டுவர். அது ரப்பரால் ஆனது.

இறுதியாக ஒன்று. வயலினின் உள்ளே, குதிரையின் வலக்காலுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சிறு மரக்கோல் மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையே நிற்கிறது. எஃப் துளையின் வழியே நோக்கினால் தெரியும். அதன் பெயர் பிரெஞ்சு மொழியில் ‘ஆன்மா’ என்று பொருள்படும். அதுவும் ஒட்டப்பட்டதன்று, அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. நான்கு கம்பிகளையும் ஒருசேரக் கழற்றினால் குதிரையும் விழும், உள்ளே ஆன்மாவும் சாயும். புதுக் கம்பி போடும்போது ஒன்றைக் கழற்றி, அதனிடத்தில் புதியதைக் கட்டிச் சுருதிக்கு அருகே ஏற்றிய பின்னரே அடுத்ததைத் தொடுங்கள்.