ஒட்டுத்துணிப் போர்வைக்குத் தையற்கோலம் வரைதல்

உம்மும்மா மௌத்தான பின் அவருடைய நூல் சாரிகளை உம்மா அலுமாரியில் மடித்து வைத்திருந்தார். ராத்தாவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்றதும் அவற்றில் ஐந்தை எடுத்துத் தந்து, "புள்ளைக்கு இதால ஒரு போர்வை தெச்சிக் குடு மகள்" என்றார். பூப்போட்ட மூன்று, வெற்று இளநீலம் ஒன்று, கரும்பச்சை ஒன்று.

பூத்துணியில் 72 சிறு சதுரங்கள் வெட்டி, ஒன்பது ஒன்பதாகப் பொருத்தி எட்டுக் கட்டங்கள் செய்தேன். அவற்றுக்கிடையே ஏழு இளநீலச் சதுரங்கள். கட்டம் ஒவ்வொன்றும் 9 அங்குலம். அகலத்தில் மூன்று, நீளத்தில் ஐந்து. சுற்றிவர 4½ அங்குலக் கரும்பச்சைக் கரை. மேல்துணி முடிந்தது. இனி நடுவில் பழைய பருத்திப் படுக்கை விரிப்பையும் அடியில் ஒரு துணியையும் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டத்தையல் போட வேண்டும். வங்காளத்துக் கந்தா வேலையில் பழைய சாரிகளையே இப்படி அடுக்கித் தைப்பார்கள். நம் வெக்கைக்கும் கனத்த பஞ்சு தேவையில்லை.

இங்குதான் எனக்குக் கை நடுங்கியது. முன்னொரு முறை மனைப்பொருளியல் பாடத்துக்கு ஒரு மெத்தை உறை தைத்தேன். நடுவில் நெருக்கமாக ஒரு பெரிய பூ, ஓரங்களில் ஒன்றுமில்லை. நெருங்கிய தையல் துணியை உள்ளே இழுக்கும் என்பது அப்போது தெரியாது. நடு சுருங்கி, ஓரம் அப்பளம் போல நெளிந்துவிட்டது. அது கடைத்துணி, போனால் போகட்டும். உம்மும்மாவின் சாரியை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே ஊசியைத் தொடுமுன் மேல்துணியைத் தரையில் விரித்து வெகுநேரம் பார்த்தேன். பூத்துணியில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பூக்களே அதை விழுங்கிவிடும். வெற்றுத்துணியில் ஒவ்வொரு தையலும் தெரியும், கோணலும் தெரியும். எனவே பூச்சதுரங்களுக்கு எளிய கோடு, இளநீலத்துக்கு நல்ல கோலம் எனப் பிரித்துக்கொண்டேன்.

பூச்சதுரங்களில் தையல் பொருத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே போகிறது. காரணம் உண்டு. பொருத்தும்போது விட்ட கால் அங்குல மடிப்பு அடியில் இருக்கிறது. அதன்மேல் குத்தினால் ஊசி இறங்காது, தையலும் நீளும். ஒன்பதில் ஒன்று விட்டு ஒன்றாக ஐந்துக்கு மட்டுமே தைக்கிறேன். ஒரு சதுரம் முடிந்ததும் நூலை வெட்டாமல், ஊசியை நடுத்துணிக்குள் நழுவவிட்டு அடுத்ததன் மூலையில் எடுக்கலாம்.

இளநீலத்துக்கு ரோசாப்பூப் போடச் சொன்னார் உம்மா. அடுக்கடுக்கான இதழ்களைத் தைத்தால் துணி விறைத்துவிடும், பிள்ளைக்குக் குத்தும் என்றேன். இரண்டு நாள் பேச்சுக்குப் பின் வெற்றிலை என்று தீர்ந்தது. உம்மும்மாவின் வெற்றிலைத் தட்டை அறியாதவர் எங்கள் வீட்டில் இல்லை. மூலைக்கொன்றாக நான்கு இலைகள், காம்புகள் நடுவில் சேரும்.

புத்தகத்துக்கு உறை போடும் பொலித்தீனை மேல்துணிமேல் விரித்து, அதில் வரைந்து பார்த்தேன். பிழைத்தால் துடைக்கலாம். ஆனால் மை பட்ட பக்கம் துணியில் படக்கூடாது; ஓரத்தில் நிறநாடா ஒட்டி எது மேற்பக்கம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வரைந்தபின் விரல்களைப் பொத்திய கையை அங்குமிங்கும் வைத்துப் பார்த்தேன். தையலில்லாத இடம் அந்தக் கையைவிடப் பெரிதாக இருந்தால் அடுக்குகள் கழுவும்போது நகரும். இலைகளுக்கு இடையே நாலு பக்கமும் அப்படி வெறுமை. அங்கே ஒவ்வொரு சிற்றிலை சேர்த்தேன்.

கரைக்கு அலைக்கோலம். முதலில் அலையொன்று 4 அங்குலம் என வைத்தேன். 27ஐ 4ஆல் வகுத்தால் ஆறே முக்கால், 45ஐ வகுத்தால் பதினொன்றே கால். எந்த மூலையிலும் அலை முறிந்துபோகும். 27, 45 இரண்டையும் மீதியின்றி வகுக்கும் எண் வேண்டும். 4½ என்றதும் அகலத்தில் ஆறு அலை, நீளத்தில் பத்து. கரையின் அகலமும் 4½ என்பதால் மூலைச் சதுரம் ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றிலை சரியாக அமர்ந்தது. பொதுக்காரணி எதற்கு என்று கேட்கும் தங்கச்சியிடம் இதைத்தான் காட்டினேன்.

இலையைப் பழைய கலண்டர் மட்டையில் வெட்டிவைத்து, இளநீலத்தில் பென்சிலாலும் கரும்பச்சையில் தேய்ந்த சவர்க்காரத் துண்டாலும் மெல்லக் கோடிட்டேன். இரண்டையும் முதலில் வெட்டுத்துண்டில் வரைந்து கழுவிப் பார்த்தேன். பிறகு மூன்று அடுக்கையும் நாலங்குல இடைவெளியில் பெரிய தையலால் தற்காலிகமாகப் பிடித்து, நடுச் சதுரத்திலிருந்து வெளியே தைத்து வருகிறேன். ஓரத்தில் தொடங்கினால் மிஞ்சும் துணியெல்லாம் நடுவில் குவியும்.

ஐந்து இளநீலச் சதுரங்கள் முடிந்தன. ராத்தாவுக்கு அடுத்த மாதம் நாள். கரை இன்னும் தொடவில்லை.