கண்ணுக்குள் போகும் கருவி



கடைசி வருடப் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி நாம் மண்டையைக் குடைந்துகொள்வது வழக்கம். எனக்கு வீட்டிலேயே தலைப்புக் கிடைத்தது. என் ஆயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த பிறகு சுவர்க் காலண்டரின் தேதியைப் படித்துக் காட்டினார். "கண்ணுக்குள்ள போற சாமானை யாருப்பா செய்றாங்க?" என்று அப்பாவைக் கேட்டேன். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். "நம்மள மாதிரி ஒர்க்‌ஷாப் ஆளுங்கதான். ஆனா நம்ம வேலையில பர் இருந்தா கைதான் கீறும். அங்க இருந்தா ஒருத்தர் பார்வையே போயிடும்டா" என்றார். அன்றே ஒரு கண் ஃபோர்செப்ஸ் (இடுக்கி) செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதில் கற்ற பாடங்களைக் கீழே தருகிறேன்.

1. அளவு

கண்ணின் முன்புறமுள்ள கார்னியா நடுவில் சுமார் 0.5 மி.மீ. கனம்தான். புரை எடுத்த பின் செயற்கை லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவர் நடுவில் 0.005 மி.மீ.கூட இல்லை. அது கிழியாமல் வேலை நடக்க வேண்டும். தையல் போட நேர்ந்தால் பயன்படும் 10-0 நைலான் நூலின் விட்டம் 0.02 முதல் 0.03 மி.மீ. வரை. நம் வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட்டே 0.02 மி.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள்! கார்னியாவைப் பிடிக்கும் ஃபோர்செப்ஸின் பல் 0.12 மி.மீ. அளவில் செய்யப்படுகிறது.

2. கை

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, பேனாவைப் போலக் கருவியைப் பிடிக்கிறார். எந்த மனிதனின் கையும் லேசாக நடுங்கும். கருவி விறைப்பாக இருந்தால் விரல் களைத்து நடுக்கம் கூடும். நான் முதலில் 1.2 மி.மீ. தகட்டில் செய்தேன். ஒவ்வொரு காலையும் கான்டிலீவர் பீமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நீளம் 80 மி.மீ., அகலம் 8 மி.மீ., நுனி 3 மி.மீ. வளைய வேண்டும். தேவைப்படும் விசை சுமார் 4 நியூட்டன். அரை மணி நேரம் பிடித்தால் விரல் மரத்துப்போகும். தகட்டை 0.6 மி.மீ. ஆக்கினேன். கனத்தின் மும்மடிக்கு ஏற்ப விசை மாறுவதால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.5 நியூட்டன் போதுமானது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஃபார்முலா விரலில் புரிந்தது அன்றுதான்.

ஊசி பிடிக்கும் கருவியிலும் இதே கதைதான். லாக் இருந்தால் அதை விடுவிக்கும்போது ஒரு குலுக்கல் வரும். அதனால் கண் அறுவைக்கு லாக் இல்லாத வகையும் செய்கிறார்கள்.

3. உலோகம்

டைட்டானியத்தின் அடர்த்தி 4.5, ஸ்டீலுக்குச் சுமார் 7.8. டைட்டானியம் லேசானது, துருப்பிடிக்காது, காந்தம் ஏறாது. ஆனால் கூர்முனை நிற்காது. ஆகவே வெட்டும் பிளேடுக்குக் கடினப்படுத்திய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மைக்ராஸ்கோப் வெளிச்சம் கண்ணைக் கூசாதிருக்க மேற்பரப்பைப் பளபளப்பில்லாமல் மங்கலாக விடுவார்கள். ஆட்டோகிளேவில் 121 அல்லது 134 டிகிரி நீராவியை மறுபடி மறுபடி தாங்கவும் வேண்டும்.

ஒரு முன்னோடி

மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி (1918–2006) நமக்கெல்லாம் பாடம். முடக்குவாதத்தால் அவர் விரல்கள் கோணிப்போயின. அவர் மனம் தளராமல் தன் கைக்குப் பொருந்தும் கருவிகளைத் தானே வடிவமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவைகள் செய்தார். 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைகளுக்கு எட்டாததால், 1992-ல் ஆரோலேப் தொடங்கப்பட்டு லென்ஸ் மதுரையிலேயே தயாரானது. கருவிக்கு ஏற்பக் கையை மாற்ற முடியாது, கைக்கு ஏற்பத்தான் கருவி என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது.

என் தோல்வி

இரண்டாவது ஃபோர்செப்ஸ் கைக்கு அடக்கமாக இருந்தது. எமரி தேய்த்து, விரலால் தடவி "ஓகே" என்று விட்டேன். ஈரமான டிஷ்யூ பேப்பரைப் பிடித்துத் தூக்கினால் கிழிந்தது. மெட்டலர்ஜி லேபில் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தேன். நுனியில் ரம்பம் மாதிரி பர்! அப்பா சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஆயில் ஸ்டோனில் நாலு நாள் தேய்த்த பிறகே பேப்பர் முழுசாக வந்தது.

இதை எந்த நோயாளிக்கும் பயன்படுத்த முடியாது, பல் வெட்டவும் என்னால் முடியவில்லை. டிராயிங்கும் கணக்கும் டிபார்ட்மெண்ட்டில் உள்ளன. ஜூனியர் தம்பி, தங்கைகள் யாராவது அந்த 0.12 மி.மீ. பல்லிலிருந்து தொடருங்கள். பர் இருக்கிறதா என்று விரலால் அல்ல, லென்ஸ் வைத்துப் பாருங்கள்.