வீடு மாறும் மாதத்தில் விண்ணப்பமும் போடும் தங்கைக்கு

ஆடி முடிந்ததும் நந்தனம், சிஐடி நகர் தெருக்களில் குட்டியானை வண்டிகள் நிற்க ஆரம்பித்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். அதனால் ஆவணியிலும் தையிலும்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு மாறுகிறோம். அந்த நேரம் பார்த்து டிஎன்பிஎஸ்சி அறிவிப்பும் வந்துவிட்டால் ஒரு பக்கம் அட்டைப்பெட்டி, மறுபக்கம் கடைசித் தேதி. இரண்டுக்கும் நடுவில் நீ திணறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன், தங்கம்.

பாத்திரத்தைக் கட்டுவதற்கு முன்னால் சர்டிபிகேட் ஃபைலைத் தனியாக எடுத்து வை. மார்க் ஷீட், டிகிரி, சாதிச் சான்றிதழ், ஆதார், பான் எல்லாம் உன் தோள்பையில்தான் வர வேண்டும். லோடு ஏற்றும் அண்ணன்கள் எவ்வளவு பொறுப்பானவர்களாக இருந்தாலும் அந்த ஃபைல் வண்டியில் ஏற வேண்டாம். தமிழ்வழியில் படித்தவளாக இருந்தால், அதற்கான சான்றிதழை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடு. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020-இல் வந்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். நீ மூன்று பள்ளி மாறிப் படித்திருந்தால் மூன்று பள்ளியிலும் கையெழுத்து வாங்க வேண்டும். சென்னைக்கு வந்த பிறகு அதற்காக பஸ் ஏறுவது எத்தனை அலைச்சல்! சாதிச் சான்றிதழில் பழைய ஊர் முகவரி இருக்கிறதே என்று மட்டும் பயப்படாதே. வீடு மாறியதற்காக அதைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

செல்போன் நம்பரையும் மாற்றாதே. ஓடிபி எல்லாம் அதில்தான் வரும்.

அடுத்தது பெயர். தனியார் கம்பெனி படிவங்களில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தைக் காலியாக விட முடியாது. பல தளங்கள் ஒற்றை இனிஷியலை ஏற்பதும் இல்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு இருப்பதோ இனிஷியல்தான். அப்பா பெயரை முழுதாகப் போடுவது என்று முடிவெடுத்தால் எல்லா இடத்திலும் அதையே போடு. ஒரு இடத்தில் 'எஸ்', இன்னொரு இடத்தில் 'சுப்பிரமணியன்' என்று இருந்தால், வேலை கிடைத்துச் சேரும் நாளில்தான் சிக்கல் தெரியும். பிஎஃப் கணக்கில் இருக்கும் பெயர் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். அரசு விண்ணப்பத்தில் பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளபடியே எழுது.

நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் அம்மா வீட்டைப் போடு. வாடகை வீடு தற்போதைய முகவரியாக மட்டும் இருக்கட்டும்.

இப்போது வீட்டு விஷயம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நந்தனம் தேவர் சிலையைச் சுற்றியிருக்கும் தெருக்களில் மூன்றுக்குச் சம்மதிக்கும் ஓனர் அபூர்வம்தான், ஆனாலும் சட்டம் தெரிந்தவளாகப் பேசினால் ஓரளவு இறங்கி வருவார்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல். ஆதாரில் முகவரி மாற்ற அதுவே உதவும். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதல் நாளே கேட்டு அதையும் எழுதி வாங்கு. சுவரில் இருக்கிற விரிசல், குளியலறைக் கசிவு, இபி மீட்டரின் அன்றைய ரீடிங் எல்லாவற்றையும் சாமான் இறக்கும் முன் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. உன் வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே வசூலித்தால் அந்தச் சலுகை உன் கைக்கு வராது. சம்ப்பில் வருவது மெட்ரோ வாட்டரா, போர் தண்ணீரா என்பதை ஓனரிடம் கேட்பதைவிட மாடி வீட்டு அக்காவிடம் கேள்.

வண்டியை விடிகாலையில் வரச் சொல். சேமியர்ஸ் சாலையும் வெங்கட்நாராயணா சாலையும் அண்ணா சாலையில் வந்து சேரும் இடம் நந்தனம். போதாததற்கு மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை வேறு. எட்டு மணிக்கு மேல் மாட்டிக்கொண்டால் லோடு அண்ணன்களுக்கு வெயிட்டிங் காசு தர வேண்டியிருக்கும்.

கம்ப்யூட்டரைப் பெட்டியில் கட்டும் முன்பே போட்டோவை 20 முதல் 50 கேபிக்குள்ளும் கையெழுத்தை 10 முதல் 20 கேபிக்குள்ளும் சுருக்கி, உன் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள். டிஎன்பிஎஸ்சி கேட்கும் அளவு இதுதான். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் கட்டினால் ஐந்து வருஷம் செல்லும். ஆனால் அதுவே விண்ணப்பம் ஆகிவிடாது, ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகப் போட வேண்டும். புது வீட்டில் நெட் கனெக்‌ஷன் வரும்வரை காத்திருக்காமல் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முடித்துவிடு. அங்கே உன் பாஸ்வேர்டை நீயே டைப் செய், கிளம்பும் முன் லாக் அவுட் செய். சமர்ப்பித்த பிடிஎஃப்பை அன்று ராத்திரியே நிதானமாக ஒரு தடவை வாசித்துப் பார். கடைசித் தேதிக்குப் பிறகு திருத்துவதற்கென்று சில நாள் தருகிறார்கள். தப்பு கண்ணில் பட்டால் அதற்குள் சரிசெய்துவிடலாம்.