குசினிக் கல்மேடையும் எமது சுவாசமும்

யாங்கோன் நகரின் நடுவில், சூலே பகோடாவைச் சூழ்ந்த பகுதிக்குக் கியாக்டடா என்று பெயர். பர்மிய மொழியில் ‘கியாக்’ என்றால் கல், ‘டடா’ என்றால் பாலம். பாட்டனார் காலத்தில் அப்பகுதியில் வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்த அங்கத்தவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். புது வீட்டுக் குசினியில் வெள்ளைச் சலவைக்கல் மேடை போட்டிருக்கிறார்கள். மஞ்சள் கறை பட்டதும் அவருடைய அம்மா தேசிக்காய்ப் பாதியால் தேய்த்திருக்கிறார். கறை போகவில்லை, கல் மங்கிவிட்டது. இனிப் பிளீச் ஊற்றலாமா என்பதே கேள்வி.

தேசிக்காய்ப் புளி பட்ட கல்மேல் பிளீச்சை ஊற்றவே கூடாது. காரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பர்மிய வீடுகளில் தனக்கா மரப்பட்டையை அரைக்க வட்டமான கல் ஒன்று வைத்திருப்பார்கள். அரைத்த நீர் வடிய அதன் ஓரத்தில் ஒரு பள்ளம் ஓடும். தண்ணீர் தெளித்து அரைப்பார்கள், தண்ணீரால் கழுவி வைப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் அம்மியும் அப்படியே. இந்தப் பழக்கத்தில்தான் நாம் இன்றைய கல்மேடையையும் நடத்துகிறோம். ஆனால் அம்மி கருங்கல். சலவைக்கல் வேறு இனம்.

சலவைக்கல் என்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. மண்டலேக்கு வடக்கே சக்யின் மலையில் வெட்டும் புகழ்பெற்ற வெள்ளைக் கல்லும் இதுவே. 1868இல் நிறைவுபெற்ற குதோடோ பகோடாவின் 729 கல்வெட்டுப் பலகைகள் அந்த மலைக் கல்லில் செதுக்கப்பட்டவை. இந்தக் கல்லை அமிலம் கரைக்கும். தேசிக்காய், வினாகிரி, பழப்புளி, தக்காளி எதுவானாலும் சரி. அந்த மங்கல் கறை அல்ல, கல்லின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது, கல் மெருகிடுபவர்தான் சரிசெய்ய வேண்டும். கிரனைற் இந்த அளவுக்குப் பாதிக்கப்படாது. எனினும் அதன்மேல் பூசிய பாதுகாப்புப் பூச்சு காலப்போக்கில் தேயும். மேடையில் சில துளி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். துளி உருண்டு நின்றால் நல்லது. கல் கறுத்து நீரை உறிஞ்சினால் மீண்டும் பூச்சுப் போடும் நேரம் வந்துவிட்டது.

மஞ்சள் கறைக்கு அவசரப்படத் தேவையில்லை. மஞ்சளின் நிறம் வெயிலில் தானாகவே வெளிறும், யன்னலோரமாயின் இன்னும் விரைவாக. பொறுக்க முடியாதவர்கள் அப்பச்சோடாவைத் தண்ணீரில் பசைபோலக் குழைத்துக் கறைமேல் பூசி, பிளாஸ்ரிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டுத் துடைத்துப் பார்க்கலாம்.

இனி வைத்தியர்களாகிய எமக்குக் கவலை தரும் விடயம். பிளீச்சுடன் வினாகிரி, தேசிக்காய், கழிவறை உப்புக்கறை நீக்கி போன்ற எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிவரும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் உள்ள அமோனியா சேர்ந்தால் குளோரமீன். இரண்டுமே கண்ணையும் தொண்டையையும் எரித்து நுரையீரலைத் தாக்குபவை. குளிர்நாட்டுக் குசினியில் யன்னல் பூட்டியிருக்கும்போது கேட்கவே வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் ஆபத்து அதிகம். தேசிக்காயும் வினாகிரியும் ‘இயற்கையானவை’, ஆகவே எதனோடும் கலக்கலாம் என்ற நம்பிக்கை எம்மவரிடம் ஆழமாக இருக்கிறது. அது தவறு.

அப்படி வாயு கிளம்பிவிட்டால் துடைத்து முடிக்க நிற்காமல் உடனே வெளியே வாருங்கள். கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் அவசர சேவையை அழையுங்கள். கடுமையாகச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம், ஆகவே தனியே விடாதீர்கள். மிஞ்சிய பிளீச்சைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதும் வேண்டாம். சிறுபிள்ளை அதைக் குடிபானம் என்றே எடுக்கும்.

கிருமி போக வேண்டாமா என்று கேட்பீர்கள். அன்றாடம் இளஞ்சூட்டு நீர், சில துளி பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி போதும். பிறகு நல்ல நீரால் துடைத்து ஈரமில்லாமல் உலர்த்துங்கள். மேடையில் கிருமி சேர முக்கிய காரணம் பச்சைக் கோழி. அதைக் கல்லில் வைத்து வெட்டாமல் தனிப் பலகையில் வெட்டுங்கள். கோழியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கும் நீர் சல்மொனெல்லா போன்ற கிருமிகளைச் சுற்றிலும் பரப்பும். இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே கேட்பதில்லை, என்றாலும் சொல்லி வைக்கிறோம்.

மேடையை வெட்டிப் பொருத்துவோர் பற்றியும் ஒரு வார்த்தை. குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு சேர்த்துச் செய்யும் செயற்கைக் கல்லில் சிலிக்கா மிக அதிகம். சமைப்பவருக்கு அதனால் தீங்கில்லை. உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் தூசுதான் சிலிக்கோசிஸ் என்னும், மாற்ற முடியாத நுரையீரல் நோயைத் தரும். இதனாலேயே அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லைத் தடைசெய்தது. கிரனைற்றிலும் சிலிக்கா உண்டு. எனவே எந்தக் கல்லையும் வீட்டில் நீங்களே துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். உங்கள் பிள்ளையோ மருமகனோ இத்தொழிலில் இருந்து, வறட்டு இருமல் நீடித்தாலோ படியேற மூச்சு வாங்கினாலோ, வைத்தியரிடம் போகும்போது என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.