பழைய பிக்கப்பில் குழந்தை இருக்கை: எங்கே பொருத்தலாம், எங்கே கூடாது

நம் ஊரில் கருப்பட்டியும் மீனும் சிமெண்டும் ஏற்றுகிற பிக்கப்தான் பல வீடுகளுக்குக் குடும்ப வண்டியும். திருச்செந்தூரில் குழந்தை டாக்டரைப் பார்ப்பதானாலும், பெருநாளுக்குச் சாத்தான்குளத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதானாலும் அதே வண்டிதான். வாப்பா ஓட்டுவார், பக்கத்தில் உம்மா, மடியில் கைக்குழந்தை. துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ கொண்டுவந்த குழந்தை இருக்கை பரணில் தூசி படிந்து கிடக்கும். “அது காருக்குத்தான், நம்ம வண்டிக்குச் சேராது” என்பார்கள். சில வண்டிகளுக்குச் சேரும், சிலவற்றுக்குச் சேராது. எதற்கு எது என்று பார்ப்போம்.

முதலில் மடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிரே மோதி, முகப்பு அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த அந்த நொடியில் ஏறக்குறைய 125 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டை ஐந்து. எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது. டாடா ஏஸ் போன்ற ‘குட்டி யானை’களுக்கு நசுங்குவதற்கு மூக்கே கிடையாது, அதனால் அடி இன்னும் கூடும். தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் கட்டுவது அதைவிட மோசம், தாயின் எடை முழுவதும் குழந்தையின் மேல் விழும்.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை பிக்கப் போன்ற இலகு டிரக்குகளுக்குத் தனியாகவே கணக்கெடுத்திருக்கிறது. சரியான இருக்கையில் இருந்தால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை உயிரிழக்கும் அபாயம் 58 சதவீதமும், 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு 59 சதவீதமும் குறைகிறது. சட்டமும் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அமீரகத்தில் 2017 முதல் 4 வயது வரை இருக்கை கட்டாயம், மீறினால் 400 திர்ஹம் அபராதமும் 4 கரும்புள்ளிகளும். அங்கே ஒழுங்காகக் கட்டிய அதே வாப்பா, இங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்கிறார்!

இனி வண்டியைப் பார்ப்போம். முன்பக்கம் மட்டும் இருக்கை உள்ள பிக்கப்பில், இடப்பக்க ஜன்னலோரத்தில் தோளுக்கும் இடுப்புக்கும் வரும் மூன்று முனை பெல்ட் இருந்தால் அதுதான் இடம். நடுவில் இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. இடுப்புப் பட்டையை ஏற்கிற குழந்தை இருக்கைகள் குறைவு. ஒட்டியுள்ள படத்தில் இரண்டு முனை பெல்ட் காட்டப்பட்டிருந்தால் மட்டுமே அங்கே வைக்கலாம். பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டரை இடுப்புப் பட்டையோடு ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. பொலிரோ கேம்பர் போல இரண்டு வரிசை உள்ள வண்டியில், பெல்ட் இருக்குமானால் பின்வரிசையே நல்லது. ஜீப், டிராக்ஸ் வண்டிகளில் எதிரெதிராகப் பக்கவாட்டில் இருக்கும் பெஞ்சில் எந்தக் குழந்தை இருக்கையும் பொருந்தாது. பின்னால் சரக்குத் தொட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பழைய வண்டியில் ஏர்பேக் பெரும்பாலும் இருக்காது. டாஷ்போர்டிலோ வெயில் மறைப்பிலோ ‘ஏர்பேக்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பின்னோக்கிய குழந்தை இருக்கையை அதன் முன்னால் வைக்கவே கூடாது.

அடுத்தது பெல்ட். நம் ஊர் கடலோர ஊர், உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பெல்ட்டின் போல்ட் இறங்கும் தரைத் தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று மேட்டை விலக்கிப் பாருங்கள். துணி ஓரம் பிசிறியிருந்தாலும், வெயிலில் வெளுத்து விறைத்திருந்தாலும் பெல்ட்டை முழுசாக மாற்ற வேண்டும். கம்பெனிப் பொருளாகவே வாங்குங்கள். பட்டறையில் பற்றவைத்த கொக்கி வேண்டாம். பல வண்டிகளில் பக்கிள் ரெக்சின் உறைக்கு அடியில் புதைந்துகிடக்கும், உறையைக் கீறி வெளியே எடுத்துவிடுங்கள். பெல்ட்டைச் சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். டாடா ஏஸில் இருக்கைக்கு அடியில்தான் எஞ்சின். இருக்கையைத் தூக்கித் திறக்கும் அந்தக் கொண்டி தளர்ந்திருந்தால், மோதலில் இருக்கையே குழந்தையோடு எழும்பும். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த இருக்கையில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கரும் வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் இருந்தால் அது ஐரோப்பியத் தரம். அதில் ‘யுனிவர்சல்’ என்றும் எடை வரம்பும் எழுதியிருக்கும். ஐசோஃபிக்ஸ் கொக்கியால் மட்டுமே மாட்டும் வகை பழைய பிக்கப்புக்கு உதவாது. பிளாஸ்டிக்கின் அடியில் தயாரிப்புத் தேதி அச்சாகியிருக்கும், காலாவதியாகியிருந்தாலோ ஒருமுறை விபத்தில் இருந்ததாலோ தூக்கிப்போடுங்கள். யாருக்கும் தானமாகவும் கொடுக்காதீர்கள்.

பொருத்தும்போது, வண்டி இருக்கை நகரக்கூடியதானால் கடைசிவரை பின்னே தள்ளுங்கள். ஐரோப்பிய வகையில் பெல்ட் போகும் வழிக்கு நிறக் குறி உண்டு: குழந்தை பின்னோக்கி இருந்தால் நீலம், முன்னோக்கி இருந்தால் சிவப்பு. அந்த வழியில் பெல்ட்டை முறுக்கில்லாமல் நுழைத்துப் பூட்டி, முழங்காலை இருக்கையில் ஊன்றி எடையைப் போட்டுக்கொண்டே பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். இந்தப் படிதான் எல்லோரும் விடுவது. பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. அமெரிக்க இருக்கைகள் சிலவற்றோடு ‘எச்’ வடிவ இரும்புக் கிளிப் வரும். இருக்கையிலேயே பெல்ட்டைப் பூட்டும் அமைப்பு இல்லாவிட்டால், பக்கிள் நாக்குக்கு ஓர் அங்குலத்துக்குள் தோள்பட்டையையும் இடுப்புப் பட்டையையும் சேர்த்து அந்தக் கிளிப்பைப் போட வேண்டும். பலர் அதை ஏதோ உதிரிச் சாமான் என்று எறிந்துவிடுகிறார்கள்.

கைக்குழந்தை 45 டிகிரி அளவில் சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் தலை முன்னே தொங்கி மூச்சு அடைக்கும். பிக்கப் பெஞ்சின் சரிவால் சாய்வு சரியாக வராவிட்டால், இருக்கையின் கையேடு அனுமதித்தால் மட்டும் சுருட்டிய துண்டை அடியில் வைக்கலாம். இருக்கையின் சொந்தப் பட்டைகள் பின்னோக்கிய குழந்தைக்குத் தோள் மட்டத்திலோ கீழேயோ, முன்னோக்கிய பிள்ளைக்குத் தோள் மட்டத்திலோ மேலேயோ வர வேண்டும். தோளருகே பட்டையை விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக்கூடாது. போர்வையைச் சுற்றிவிட்டுப் பட்டை போடாதீர்கள், பட்டை போட்ட பிறகு மேலே போர்த்துங்கள்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரக்கு வண்டியில் கூலியின்றி ஏறிச்செல்லும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் மட்டுமே அதற்கு விலக்கு. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை, வண்டி எந்த வகை, பாலிசியில் யாருக்கெல்லாம் காப்பு என்று எடுத்துப் படியுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின், மூன்று முனை பெல்ட்டே இல்லாத வண்டி என்றால் என் கருத்து ஒன்றுதான். அந்த வண்டியில் குழந்தையை ஏற்றாதீர்கள், பஸ்ஸில் போங்கள், இல்லையேல் பெல்ட் உள்ள வாடகைக் காரில் உங்கள் இருக்கையைக் கட்டிக்கொண்டு போங்கள். பெல்ட் உள்ள வண்டி என்றால், குண்டும் குழியுமான சாலையில் கட்டு தளர்ந்துகொண்டே வரும். வண்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டிப் பார்த்து இறுக்கிவிட்டு, கோடை வெயிலில் நின்ற வண்டியானால் இரும்பு பக்கிளைத் தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளையை உட்காரவையுங்கள்.