மாணவர் முன்னேற்றத்தை அளப்பது எப்படி?

2024-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 97.31 விழுக்காடு தேர்ச்சியுடன் அரியலூர் மாவட்டம் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2025-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலும் 98.82 விழுக்காட்டுடன் அதுவே முதன்மை எய்தியது. கீழப்பழுவூர் வட்டாரத்து விவசாயப் பெருமக்கள் யாவரும் மகிழத்தக்க செய்தி இது. எனினும், இவ்வெண்கள் எதைக் கூறுகின்றன, எதைக் கூறவில்லை என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் அவசியம்.

தேர்ச்சி விழுக்காடு

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற ஒவ்வொரு பாடத்திலும் 35 மதிப்பெண் வேண்டும். தேர்வு எழுதியோரில் எத்தனை பேர் அந்த வரம்பைத் தாண்டினர் என்பதையே விழுக்காடு காட்டுகிறது. இடையில் படிப்பை நிறுத்திய பிள்ளை இக்கணக்கில் வருவதில்லை. மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் குழந்தையைப் பற்றியும் அது ஒன்றும் சொல்வதில்லை.

மாதிரி ஆய்வு

கீழ் வகுப்புகளின் நிலையை அறிய வேறு ஆய்வுகள் உள்ளன. 2021 நவம்பர் 12-ஆம் நாள் நடந்த தேசிய அடைவு ஆய்வு 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளைச் சோதித்தது. ‘ஏசர்’ ஆய்வினர் 2005 முதல் கிராமத்து வீடுகளுக்கே சென்று, சிறு கதையைப் படிக்கச் சொல்லியும் எளிய கணக்குகளைக் கொடுத்தும் பிள்ளைகளைச் சோதித்து வருகின்றனர்.

நெல் மூட்டையில் குத்தூசியிட்டுச் சிறிது எடுத்துத் தரம் காண்பதைப் போன்றவை இவை. மாவட்டத்தின் பொது நிலை இவற்றால் விளங்கும். நம் ஊர்ப் பள்ளியிலுள்ள இன்ன குழந்தைக்கு இன்ன குறை என்பது விளங்காது.

சராசரி மறைப்பது

இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பு ஒன்றைக் கருதுவோம். பத்துப் பேர் 90 மதிப்பெண்ணும், பத்துப் பேர் 30 மதிப்பெண்ணும் பெற்றால் சராசரி 60. வேறொரு வகுப்பில் இருபது பேரும் 60 பெற்றாலும் சராசரி அதுவே. முன்னதில் பாதிப் பேர் பின்தங்கியிருப்பதைச் சராசரி மறைத்துவிடுகிறது.

சட்டம் தரும் உரிமை

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரையில் ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுவோர்க்குக் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக்கியது. பெற்றோரைக் கூட்டி வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பதும் அவர் கடமையே. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு.

பழைய பாடம்

1862-இல் இங்கிலாந்தில் தேர்வு முடிவுக்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் அளிக்கும் முறை வந்தது. சென்னை மாகாணத்திலும் அத்தகைய முறை கையாளப்பட்டது. மானியத்துக்கு அஞ்சிய பள்ளிகள் பிள்ளைகளை உருப்போட வைத்தன. பின்னர் இரு நாடுகளிலும் அம்முறை கைவிடப்பட்டது. அளவீடு தண்டனைக்கு வழியானால் உண்மை வெளிவராது என்பதே இதன் பாடம்.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

1. மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் பாடநூலைத் தடையின்றிப் படிக்கின்றனர்?

2. கழித்தலும் வகுத்தலும் அறியாதோர் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன ஏற்பாடு?

3. சென்ற கூட்டத்தில் பின்தங்கியிருந்தோரில் எத்தனை பேர் முன்னேறினர்?

4. அறுவடை, பருத்தி எடுப்புக் காலங்களில் வருகை குறைந்தோர் எத்தனை பேர்?

பிள்ளைகளின் பெயரைச் சபையில் கூறி நாணச் செய்யலாகாது. கூட்டத்தில் எண்ணிக்கை போதும், பெயர் ஆசிரியரும் பெற்றோரும் அறிந்தால் போதும். நான்காம் கேள்விக்குரிய விடை ஆசிரியரிடம் மட்டும் இல்லை. நம் வயல்களிலும் இருக்கிறது.

பயிர் வளரும்போதே இலையின் நிறங்கண்டு உரமிடுபவர் விவசாயி. பத்தாம் வகுப்பு முடிவு அறுவடைக் கணக்கு. மூன்றாம் வகுப்பின் வாசிப்போ இலையின் நிறம். அதை உரிய காலத்தில் பார்ப்பது ஊரின் பொறுப்பாகும்.