பழைய பேரேட்டை எடைக்குப் போடலாமா?



"உங்கள் கடையை முதன்முதலில் திறந்தவர் யார்? எந்த ஆண்டில்? அதற்கு முன் அவர் எந்த ஊரில், என்ன தொழில் செய்தார்?" என்று நம்மிடம் யாராவது கேட்டால், பெரும்பாலோர் பாட்டனார் வரை சொல்வோம். அதற்கு மேல் "பெரியவர்கள் சொல்லிக் கேள்வி" என்பதோடு நின்றுவிடுவோம். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் கொள்ளுப் பேரன், தன் மூதாதையின் பிறந்த ஊர், கடை இருந்த தெரு, வேலைக்கிருந்த பையனின் வயது வரை கண்டுபிடித்துவிடுகிறார். இது எப்படி முடிகிறது? நம்மால் ஏன் முடியவில்லை? இதைப் பாடமாகவே படிப்போம். பாடத்தை நீலகிரியின் லவ்டேலிலிருந்து தொடங்கலாம்.

லவ்டேல் காட்டும் வழி

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் உதகை செல்வோர், கேத்தியைத் தாண்டியதும் லவ்டேல் நிலையத்தைக் காண்பர். இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தது லாரன்ஸ் பள்ளி. 1857-ல் லக்னோவில் உயிர்நீத்த சர் ஹென்றி லாரன்ஸின் நினைவாக 1858-ல் உதகையில் தொடங்கி, பின்னர் லவ்டேலுக்கு மாறியது. அக்காலத்தில் அதன் பெயர் லாரன்ஸ் அசைலம். இந்தியாவில் பணிபுரிந்த ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளும், பெற்றோரை இழந்த அவர்களின் குழந்தைகளும் அங்கே வளர்ந்தனர்.

அந்தப் பிள்ளைகளின் தகப்பனார்களில் பலர், பட்டாளத்தில் சேருமுன் சொந்த ஊரில் தையல், செருப்புத் தொழில், ரொட்டி சுடுதல், கடை வேலை என்று ஏதாவது ஒரு தொழில் பழகியவர்கள். லவ்டேலில் படித்த ஒரு பிள்ளையின் வம்சத்தார் இன்று தங்கள் வேரைத் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஏறும் படிகள் இவை.

முதல் படி, தேவாலயப் பதிவு. சென்னை மாகாணத்துத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பனார் பெயரும் படைப்பிரிவும் கிடைக்கும்.

இரண்டாம் படி, படைவீரரின் தாள்கள். ஓய்வு பெற்ற வீரரின் விடுவிப்புத் தாளில் அவர் பிறந்த ஊரும், படையில் சேரும்போது அவர் சொன்ன தொழிலும் எழுதப்பட்டிருக்கும். இங்கேதான் உதகை மலையிலிருந்து இங்கிலாந்துச் சிற்றூருக்குப் பாலம் கிடைக்கிறது.

மூன்றாம் படி, ஊர்ப் பதிவுகள். இங்கிலாந்தில் தேவாலயங்கள் 1538 முதல் பதிவேடு வைக்க வேண்டும் என்ற கட்டளை உண்டு. 1837 ஜூலை முதல் நாளிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிந்தது. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. 1851 முதல் உறவு, வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் உண்டு. கடையில் தங்கி வேலை பார்த்த பையனும் அதே வீட்டுக் கணக்கில் வருவான்.

நான்காம் படி, வணிகர் பெயர்ப்பட்டியல். பிகட், கெல்லி போன்ற நிறுவனங்கள் ஊர்வாரியாக வணிகர் பெயர்களை அச்சிட்டு விற்றன. சிற்றூர்க் கடைக்காரர் பெரும்பாலும் ஒரே தொழில் செய்தவர் அல்லர். மளிகையோடு துணி விற்பார். தபால் அலுவலகத்தையும் அதே கடையில் நடத்துவார். ஆண்டுக்காண்டு பட்டியலைப் பார்த்தால் கடை வளர்ந்ததும், மகன் கைக்கு மாறியதும், விதவை நடத்தியதும் தெரியவரும்.

ஐந்தாம் படி, உயில். 1858 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் நிரூபிக்கப்பட்ட உயில்களுக்கு ஒரே அட்டவணை உண்டு. சொத்து மதிப்பையும் அது சொல்லும்.

இப்படிகளில் வழுக்கும் இடங்களும் உண்டு. 1841-ஆம் ஆண்டுக் கணக்கில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருப்பதும் சாதாரணம். ஆகவே ஒரு சான்றை மட்டும் நம்பாமல், இரண்டு மூன்று ஏடுகள் ஒத்துப்போனால்தான் ஏற்க வேண்டும் என்பது இக்கலையின் முதல் விதி. பற்றும் வரவும் நேர் செய்யும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம் கடைக்காரர் எங்கே?

மேலே கண்டவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆங்கிலக் கடைக்காரர் தம்மைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. கோயில் குருவும், அரசாங்கமும், அச்சகத்தாரும் அவருக்காக எழுதி வைத்தார்கள்.

நம் நிலை வேறு. இந்தியாவில் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டாலும், பழைய வீட்டுவாரித் தாள்கள் பெயர் தேடுவோருக்குக் கிடைப்பதில்லை. வணிகர் பட்டியல் உண்டு. அதிலும் லவ்டேலுக்குப் பங்கு உண்டு. சென்னையிலிருந்த படைவீரர் ஆண் அனாதை இல்லம் 1870-களின் தொடக்கத்தில் லாரன்ஸ் அசைலத்துடன் இணைந்தது. அதன் அச்சகம் லாரன்ஸ் அசைலம் அச்சகம் என்று பெயர் பெற்று, சென்னைக்கும் தென்னிந்தியாவுக்குமான பஞ்சாங்கமும் பெயர்ப்பட்டியலும் அடங்கிய தடித்த நூலை ஆண்டுதோறும் வெளியிட்டது. ஆனால் அதில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும், ஐரோப்பிய நிறுவனங்களும், பெரிய வர்த்தகர்களுமே. சந்தையில் அரிசி, பருப்பு விற்ற நம்மவரை அதில் தேடுவது வீண்.

நீலகிரியிலேயே ஒரு சான்று பார்க்கலாம். குன்னூர் வண்ணாரப்பேட்டையில் 1905-ல் முத்துசாமி முதலியார் வெண்ணெய் வியாபாரம் தொடங்கினார். அதற்கு முன் அவர் மலைக்கும் கோவைக்கும் இடையே ஆங்கிலேயரின் கடிதங்களைச் சுமந்து சென்றவர். அவர் மகன் 1936-ல் பெங்களூரில் கடை திறந்தார். 'நீல்கிரிஸ்' என்ற பெயர் தென்னாடெங்கும் பரவியது. நிறுவனம் நிலைத்ததால் தொடங்கியவர் பெயரும் நிலைத்தது. அதே காலத்தில் அதே மலையில் கடை வைத்து, பின்னர் மூடியவர்களை யார் அறிவார்?

நம்மிடம் உள்ள சான்றுகள்

ஆயினும் நாம் வெறுங்கையர் அல்லர். நகரத்தார் சமூகத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தது. திருமணமானதும் புள்ளியாக அக்கோயில் கணக்கில் பதியப்படும். நாடார் வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாகச் செலுத்தி, அந்த நிதியால் 1889-லேயே விருதுநகரில் பள்ளி கண்டார்கள். மகமைக் கணக்கு என்பது யார் யார் கடை வைத்திருந்தார்கள் என்ற பட்டியலும் ஆகும். கோயில் மணியிலும், குத்துவிளக்கிலும், மண்டபத் தூணிலும் பொறித்த 'உபயம்' என்ற வரியும், பள்ளிவாசல், தேவாலயக் கல்லறைக் கல்வெட்டுகளும் ஊரையும் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லும். பதிவு அலுவலகத்துக் கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது நம் கடைப் பேரேடு. ஆங்கிலேயருக்கு அரசு செய்த வேலையை நமக்குச் செய்தது அந்தக் கணக்குப் புத்தகம்தான். கொள்முதல் செய்த மண்டி, கடன் வாங்கிய வாடிக்கையாளர், பிள்ளையின் காதுகுத்துச் செலவு, பங்காளிக்குக் கொடுத்த தொகை எல்லாம் அதில் இருக்கும்.

பேரேட்டின் காலத்தை அறிவது எப்படி?

பழைய ஏடுகளில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் ஏமாறக் கூடாது. 'கீலக வருடம்' என்றிருந்தால் அது 1908 ஆகவும் இருக்கலாம், 1968 ஆகவும் இருக்கலாம். உள்ளே நாணயத்தையும் எடையையும் பாருங்கள். புதிய காசு முறை வந்தது 1.4.1957-ல். மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வந்தன. அணா, தம்பிடி என்றும், மணங்கு, வீசை, பலம் என்றும் எழுதியிருந்தால் அது 1908; அதாவது உதகைக்கு மலை இரயில் வந்த ஆண்டு. பைசாவும் கிலோவும் இருந்தால் 1968. வீசைக்கு 40 பலம், மணங்குக்கு 8 வீசை என்ற வாய்ப்பாட்டைத் தெரிந்த பெரியவரை அருகில் வைத்துக்கொண்டு படிப்பது நலம்.

சட்டமும் துணை நிற்கும்

இது வெறும் பெருமைக்கான வேலை என்று எண்ண வேண்டாம். கடை வாடகை வழக்கு, பாகப்பிரிவினை, கடைப் பெயர் மீதான உரிமை ஆகியவற்றில் "எத்தனை காலமாக நடத்துகிறீர்கள்?" என்பதே முதல் கேள்வி. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் உரியவர் பாதுகாப்பிலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தை உண்மையானது என நீதிமன்றம் கொள்ளலாம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இது இருந்தது, 1.7.2024 முதல் அதனிடத்தில் வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் இருக்கிறது. முறையாக எழுதிவந்த கணக்குப் புத்தகமும் சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்த முடியாது.

சரக்கு சேவை வரிச் சட்டமோ ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் ஏடுகளை வைத்திருந்தால் போதும் என்கிறது. வழக்கோ மேல்முறையீடோ இருந்தால் கூடுதல் காலம் வேண்டும். அதன்பின் நாம் என்ன செய்கிறோம்? பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போடுகிறோம், அல்லது கடுகு, சீரகம் மடிக்கக் கிழிக்கிறோம். தாத்தாவின் கையெழுத்தில் பொட்டலம் கட்டி அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாத்தா எந்த ஊர்க்காரர் என்று தேடுகிறோம்!

செய்ய வேண்டியவை

1. பரண், பெட்டி, கல்லாவின் அடியறை எல்லாவற்றையும் பார்த்து, பழைய பேரேடு, உரிமம், வாடகைச் சீட்டு, கடிதம், விலைப்பட்டியல் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

2. ஈரமும் கரையானும் எட்டாத இடத்தில், துணியில் சுற்றி வையுங்கள். மலைப் பகுதி உறுப்பினர்கள் மழைக்கால ஈரத்தை நினைவில் கொள்க. ஒட்டும் நாடா போடாதீர்கள். நாளடைவில் அது தாளைக் கெடுக்கும்.

3. முதல் பக்கத்தையும், பெயர், தேதி உள்ள பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். மூலத்தை மட்டும் வீசிவிடாதீர்கள்.

4. வீட்டிலுள்ள மூத்தவரிடம் அமர்ந்து பெயர், ஊர், உறவு, கடை மாறிய விவரங்களைக் கேட்டு எழுதுங்கள். பிறகு ஏட்டோடு ஒப்பிடுங்கள்.

5. தெரிந்ததை ஒரே பக்கத்தில் எழுதி, இந்த ஆண்டுப் புதுக்கணக்கின் முதல் தாளோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்த முறை பழைய தாள் வாங்குபவர் கடை வாசலில் வந்து நிற்கும்போது, தராசில் ஏற்றுமுன் ஒவ்வொரு ஏட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கிலோவுக்குக் கிடைக்கும் சில ரூபாய்க்கு நாம் விற்பது வெறும் தாளாக இராது.